முகப்பேட்டில் இல்லாத பெயர்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதியில், மத்திய வீதியிலும் டொக்யாட் வீதியிலும் அவற்றிலிருந்து கிளைக்கும் ஒழுங்கைகளிலும், கணவனும் மனைவியுமாக நடத்தும் சிறு தொழிலகங்களை நாம் காண்கிறோம். திருமண அழைப்பிதழ், கடையின் பெயர்ப்பலகை, இனிப்புப் பெட்டியின் உறை, பாடசாலை விழாவின் பதாகை என எதுவாயினும், முதலில் அதன் மாதிரியைச் செய்து காட்டுவதே இத்தகையோரின் தொழில். முன்னர் தாளும் தூரிகையும் கொண்டு செய்தார்கள். இன்று கணினியில் செய்கிறார்கள். வாடிக்கையாளர் மாதிரியைப் பார்க்கிறார். நிறத்தை மாற்றச் சொல்கிறார். எழுத்தைப் பெருப்பிக்கச் சொல்கிறார். மனநிறைவோடு தலையசைத்த பின்னரே வேலை அச்சகத்துக்குப் போகிறது. அந்த மாதிரியிலே இருவருடைய சிந்தனையும் பிரிக்கமுடியாதபடி கலந்திருக்கிறது. ஆயினும் பெயர்ப்பலகையிலும் பற்றுச்சீட்டிலும் பெரும்பாலும் ஒருவர் பெயரே இருக்கும். கேட்டால், "அவர் தொழில் செய்கிறார், நான் கூடமாட உதவி செய்கிறேன்" என்று மனைவியே சொல்வதும் உண்டு.

"உதவி" என்ற இச்சொல் மிகவும் எளிய சொல். மிகவும் பழைய சொல். ஆனால் உழைப்பின் வரலாற்றில் இதனைப் போல் பலரை மறைத்த சொல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. இச்சொல்லின் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறிய, தமிழர் நன்கறிந்த ஒரு பெயரையும், அதன் அருகிலே இருந்தும் பெரும்பாலோர் அறியாத மற்றொரு பெயரையும் நாம் இங்கே ஆராய விரும்புகிறோம்.

முதலில், மாதிரி என்றால் என்ன? ஒரு பொருள் உலகில் தோன்றுமுன், அது எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் உழைப்பே மாதிரி. இரும்பை வார்க்குமுன் மரத்தில் உருச் செய்கிறோம். துணியை நெய்யுமுன் ஒரு சாண் அளவில் நெய்து பார்க்கிறோம். கப்பலைக் கட்டுமுன் தாளில் வரைகிறோம். நமது துறைமுகத்தின் பெயரையே தாங்கிய கப்பலொன்று இதற்கு நல்ல சான்று. 1782ஆம் ஆண்டில் திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய போரின் நினைவாக 'திருகோணமலை' என்று பெயரிடப்பட்ட அந்தப் போர்க்கப்பலுக்கான வரைபடங்கள் 1812இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. அவற்றை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பலைப் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கர் அழித்தனர். பம்பாயில் தேக்கு மரம் இருந்தது, தச்சர் இருந்தனர், வாடியா குடும்பத்தின் தலைமைக் கப்பற்சிற்பி ஜம்ஷெட்ஜி பொமன்ஜி இருந்தார். எனினும் மற்றொரு படி வரைபடங்கள் வந்து சேரும்வரை வேலை தொடங்கவில்லை. 1817 ஒக்டோபரிலேயே கப்பல் நீரில் இறங்கியது. இன்று அது இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூல் நகரில் மிதக்கிறது; மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் அதுவே மிகப் பழையது. மாதிரி இல்லையேல் மரமும் உளியும் காத்துக்கிடக்க வேண்டியதுதான் என்பதை அதன் கதை காட்டுகிறது.

மாதிரியின் முதன்மை இதுவாயின், மாதிரியைச் செய்தவர் யார் என்ற கேள்வியும் முதன்மையானதே. கலைத்தொழிலில் இணைந்து உழைத்த ஒரு தம்பதியரின் வரலாற்றில் இக்கேள்வியை எழுப்பிப் பார்ப்போம்.

ஆனந்த குமாரசுவாமியைத் தமிழர் யாவரும் அறிவர். 1877 ஓகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1879இல் தந்தை இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. இங்கிலாந்திலே வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று, பின்னாளில் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையில் அமர்ந்து, ஆசியக் கலையை மேலைநாட்டாருக்கு விளக்கிய பேரறிஞராக 1947இல் மறைந்தார். நடராச வடிவத்தின் உட்பொருளை உலகுக்கு எடுத்துரைத்தவர் என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். அப்பெருமை நியாயமானதே.

ஆனால் அவர் கலை ஆராய்ச்சியில் இறங்கிய முதற் காலத்தில், அவரோடு இணைந்து உழைத்த எத்தெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்னும் பெண்ணைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1872இல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள பார்ன்ஸ்ரபிள் என்னும் சிற்றூரில், மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். இசை பயின்றார், பிள்ளைகளுக்கு வீட்டாசிரியையாக வேலை செய்தார். அவருடைய சகோதரர் பிரெட் பார்ட்ரிட்ஜ், சீ. ஆர். ஆஷ்பி என்பவர் நிறுவிய கைவினைஞர் சங்கத்தில் நகைத்தொழிலாளி. இயந்திரத் தொழிற்சாலை மனிதனைத் தன் உறுப்பாக்கிவிட்டது, கையும் மனமும் சேர்ந்து இயங்கும் தொழிலே மனிதனை மீட்கும் என்று வில்லியம் மொறிஸ் எழுப்பிய குரல் அந்த வட்டாரத்தில் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. 1902இல் ஆனந்தரும் எத்தெலும் மணம் புரிந்தனர்.

1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்கு ஆனந்தர் இயக்குநராக நியமிக்கப்பட்டார். 1906 வரை அப்பதவியில் இருந்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904இல் அவர் கண்டறிந்தது அப்பணியின் புகழ்பெற்ற விளைவு. ஆனால் கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்ற தம்பதியர், கல்லைவிட விரைவாகத் தேய்ந்துகொண்டிருந்த வேறொன்றைக் கண்டனர். கண்டி நாட்டுக் கைவினைஞரின் வாழ்வே அது. அரசனும் கோயிலும் நிலமானியம் கொடுத்து ஆதரித்த கொல்லரும், ஓவியரும், நெசவாளரும், தந்த வேலை செய்வோரும், 1815இல் கண்டி வீழ்ந்தபின் ஆதரவற்றுப் போயினர். மான்செஸ்ரர் ஆலைத் துணி சந்தையை நிரப்பியது. தந்தையிடமிருந்து மகன் பெற்ற தொழில், மகனோடு முடியத் தொடங்கியது.

எங்கோ எழுதப்படும் ஒரு கட்டளை எத்தனை அடுப்புகளை அணைக்கும் என்பதைத் திருகோணமலையாருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. 1905ஆம் ஆண்டளவிலேதான், சிக்கனத்தின் பெயரால், பிரித்தானியக் கடற்படைத் தலைமை இங்குள்ள கப்பற்றளத்தை மூடியது. மீண்டும் திறந்ததும், 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளை அது தாங்கியதும், 1957 ஒக்டோபரில் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டதும் பின்னைய வரலாறு. ஆதரவு தரும் கை விலகும்போது தொழிலாளியின் கையும் செயலிழக்கிறது. கண்டியிலும் துறைமுகத்திலும் நிகழ்ந்தது இதுவே.

இந்த அழிவைப் பதிவு செய்யும் வேலையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே இறங்கினர். ஆனந்தர் கைவினைஞரிடம் உரையாடினார். அவர்களுடைய சொற்களைத் தொகுத்தார். பழைய நூல்களோடு ஒப்பிட்டார். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எத்தெல் புகைப்படம் எடுத்தார்; நாட்குறிப்பு எழுதினார்; துணியையும் பூத்தையலையும் திரட்டினார்; ஊசி துணியில் எப்படிப் புகுந்து எப்படி மீள்கிறது என்பதைத் தையற்காரியின் கண்ணோடு நுணுகிக் கற்றார்.

புகைப்படம் எடுப்பதும் துணி திரட்டுவதும் வெறும் துணைவேலை என்று கருதுவோர் உளர். சற்று எண்ணிப்பார்ப்போம். ஒரு தட்டான் வேலை செய்கையில் எந்தக் கணத்தைப் பிடிப்பது, அவன் கையைக் காட்டுவதா முகத்தைக் காட்டுவதா, எந்தக் கருவி கண்ணிற் படவேண்டும் என்பதெல்லாம் ஆராய்ச்சியாளன் செய்யும் தேர்வுகளே. ஆயிரம் துணிகளில் எதனை எடுத்து எதனை விடுவது என்பதும் அவ்வாறே. எழுத்தாளன் சொற்களால் வாதிடுகிறான். படமெடுப்பவள் தேர்வினால் வாதிடுகிறாள்.

1907இல் அவர்கள் இங்கிலாந்து திரும்பினர். புரோட் கம்டன் என்னும் சிற்றூரில், பாழடைந்த பழைய நோர்மன் தேவாலயம் ஒன்றை ஆஷ்பி அவர்களுக்காக வீடாக்கிக் கொடுத்திருந்தார். மொறிஸ் மறைந்தபின் அவருடைய கெம்ஸ்கொட் அச்சகத்தின் பொறிகளை ஆஷ்பியின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகம் வாங்கியிருந்தது. ஆஷ்பியின் சங்கம் பணநெருக்கடியில் வீழ்ந்தபோது, அந்த அச்சகத்தைக் குமாரசுவாமி ஏற்றார். மொறிஸ் தமது புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட பொறியிலேயே, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, இலங்கைக் கைவினைஞரைப் பற்றிய பெருநூல் அச்சாயிற்று. 'இடைக்காலச் சிங்களக் கலை' என்பது அதன் பெயர். 425 படிகளே அச்சிடப்பட்டன. முதலாளித்துவப் பதிப்பகம் எதனையும் நாடாமல், வீட்டோடு சேர்ந்த சிறு தொழிலகத்தில், கையால் அச்சிட்ட நூல் அது. ஒரு தம்பதியரின் கலைத்தொழிலகம் என்று எதனையேனும் சொல்லலாமாயின், இதனைச் சொல்லலாம்.

அந்நூலின் முகப்பேட்டில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அது ஆனந்த குமாரசுவாமியின் பெயர். எத்தெல் எடுத்த படங்கள் நூலின் உள்ளே இருக்கின்றன. அவர் பெயர் முகப்பில் இல்லை.

இதில் ஆனந்தரைத் தனிமனிதராகக் குற்றஞ்சாட்டுவது நமது நோக்கமன்று. நூலை எழுதியவர் அவரே. அதன் வாதமும் பெரும் புலமையும் அவருடையவை. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது அக்காலத்தின் வழக்கத்தை. எழுதுவது படைப்பு, படமெடுப்பது உதவி. ஆண் செய்வது தொழில், மனைவி செய்வது கடமை என்ற பாகுபாடு, எவரும் கூடித் தீர்மானிக்காமலே, எல்லாருடைய உள்ளத்திலும் சட்டமாக இருந்தது. இலங்கைக் கைவினைஞர் தம் படைப்பில் பெயர் பொறிக்காமற் போனதை உயர்வாக எழுதியவர் ஆனந்தர். பெயரில்லாக் கலைஞன் தன்னலமற்றவன் என்பது அவர் கருத்து. அழகான கருத்தே. ஆனால் பெயரைத் துறப்பவனுக்கும் பெயர் மறுக்கப்பட்டவளுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவனுக்கு முதலில் ஒரு பெயர் இருந்தது.

எத்தெல் செய்தது வெறும் உதவிதானா என்ற கேள்விக்கு வரலாறே விடையளித்தது. 1910ஆம் ஆண்டளவில் அத்திருமணம் முறிந்தது. உதவியாளர் மட்டுமே என்றால், தலைவரைப் பிரிந்தபின் அவருடைய வேலையும் நின்றிருக்கவேண்டும். நின்றதா? டெவன் கடற்கரையிலே தறி அமைத்து எத்தெல் நெய்யத் தொடங்கினார். இலங்கையில் பார்த்த கையும் தறியும் நூலும் சாயமும் அவர் உள்ளத்தில் வித்தாகக் கிடந்தன என்று கொள்வதில் தவறில்லை. 1913இல், ஆஷ்பியிடம் வரைவாளராக இருந்த பிலிப் மெயிரே என்பவரை மணந்தார். எத்தெல் மெயிரே என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் கைநெசவு வரலாறு அவரை அறியும்.

1916இல் தாவரச் சாயங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. இந்நூலின் பொருள் நமக்கும் மிக நெருங்கியது. 1856இல் பேர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தை ஆக்கினார். 1869இல் ஜெர்மானியர் இருவர் அலிசரின் என்னும் செஞ்சாயத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். நமது யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மண்ணைக் கிளறி எடுத்த சாயவேர் தந்த சிவப்பும் அதே அலிசரின்தான். ஒல்லாந்தர் காலத்தில் அரசு தன் உரிமையாக வைத்திருந்த வேர் அது. அதனைத் தோண்டுவது ஒரு குலத்தார்மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. ஆய்வுகூடச் சாயம் வந்தபின் வேருக்கு விலையில்லை. வேர் தோண்டிய கைக்கு வேலையில்லை. கட்டாய உழைப்பிலிருந்து விடுதலை கிடைத்தது, வேலையிலிருந்தும் விடுதலை கிடைத்தது என்று கசப்போடு சொல்லவேண்டும். உலகெங்கும் இவ்வாறு மறைந்துகொண்டிருந்த அறிவை, எந்தத் தாவரம் எந்த நிறம் தரும், எந்தக் காரம் சேர்த்தால் நிறம் நிலைக்கும் என்று, கைத்தொழிலாளர் பயன்படுத்தும் வகையில் தொகுத்துத் தந்தார் எத்தெல்.

முதல் உலகப் போருக்குப் பின் சசெக்ஸ் மாவட்டத்தின் டிச்லிங் என்னும் ஊரில் 'நற்செய்திகள்' எனப் பொருள்படும் பெயரோடு வீடும் தொழிலகமும் அமைத்தார். ஊர்ப் பெண்களும் தொலைவிலிருந்து வந்த மாணவரும் அங்கே நூற்றனர், சாயமிட்டனர், நெய்தனர். 1930களின் பிற்பகுதியில், தொழிற்றுறைக்கான அரச வடிவமைப்பாளர் என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. அப்பட்டம் பெற்ற முதற் பெண் அவரே.

'தொழிற்றுறைக்கான' என்ற அடைமொழியை நாம் கவனிக்கவேண்டும். கைநெசவாளிக்கு ஆலைத் தொழிலோடு என்ன தொடர்பு? இங்கேதான் எத்தெல் தம் ஆசான்மாரைத் தாண்டிச் செல்கிறார். மொறிஸின் வழியினர் பலர் இயந்திரத்தை வெறுத்தனர். எத்தெலும் தொடக்கத்தில் அவ்வழியிலேயே நின்றார். ஆனால் ஐரோப்பிய நாடுகளிற் பயணம் செய்து, புதிய தொழிலகங்களைக் கண்டபின், அவர் கருத்து வளர்ந்தது. 1939இல் வெளிவந்த 'இன்றைய கைநெசவு' என்னும் நூலில், கைத்தறி ஆலைக்கான ஆய்வுக்களமாக வேண்டும் என்ற கருத்தை வற்புறுத்தினார். கைத்தறியில் ஒரு முழம் நெய்து பார்ப்பது எளிது. நூலின் முறுக்கையும் நிறத்தையும் பின்னலையும் மாற்றி மாற்றிச் சோதிக்கலாம். நல்ல மாதிரி அமைந்தபின் ஆலை அதனை ஆயிரம் முழமாக நெய்யட்டும். கை சிந்திக்கவும் இயந்திரம் பெருக்கவும் வேண்டும் என்பது இதன் சாரம்.

இக்கருத்து ஏட்டோடு நிற்கவில்லை. சுவிற்சர்லாந்திலிருந்து வந்து அவருடைய தொழிலகத்தில் பழகிய மரியான் ஸ்ரொப் என்னும் பெண், 1930களில் நலிவுற்றிருந்த வேல்ஸ் நாட்டுக் கம்பளி ஆலைகளுக்குப் புதிய மாதிரிகள் அமைத்துக் கொடுத்தார். பின்னாளில் இலண்டன் பேருந்துகளிலும் நிலக்கீழ் இரயில்களிலும் அவர் வடிவமைத்த இருக்கைத் துணி விரிக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் எத்தனையோ தொழிலாளர் அதன்மீது அமர்ந்து பயணம் செய்தனர். கைத்தறியில் நெய்த சிறு துண்டு, மக்கள் அன்றாடம் தொடும் பொருளாயிற்று.

இங்கே ஒரு முரண்பாட்டையும் மறைக்காமற் சொல்லவேண்டும். டிச்லிங் தொழிலகத்தின் கைநெசவுத் துணியை வாங்கக்கூடியவர் வசதி படைத்தோரே. மக்களுக்காகக் கலை என்று முழங்கிய மொறிஸின் பட்டறையிலிருந்தும் செல்வர் வீட்டுச் சுவர்த்தாள்தான் வெளிவந்தது. நேரத்தையும் கையையும் செலவிட்டுச் செய்யும் பொருள், கூலி மலிந்த சந்தையில் விலை உயர்ந்தே நிற்கும். உழைப்பவன் வாழ்வை மாற்றாமல் உழைப்பின் அழகை மட்டும் மீட்க முயன்றோர் யாவரும் மோதிய சுவர் இது. மாதிரியை ஆலைக்குக் கொடுக்கலாம் என்று எத்தெல் கண்ட வழி, அச்சுவரில் அவர் திறந்த ஒரு சிறு சாளரம்.

எத்தெலின் அனுபவம் தனித்ததன்று. அமெரிக்காவில் சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியரின் வரலாறும் இதனையே உறுதிப்படுத்துகிறது. 1941இல் மணம் புரிந்த இருவரும் தம் வாடகை வீட்டிலேயே மரத்தகட்டை வளைக்கும் பொறியைச் செய்து, மாதிரிமேல் மாதிரியாக அமைத்துப் பார்த்தனர். போர்க்காலத்தில், முறிந்த காலைத் தாங்கும் மரத்தகட்டு மட்டைகளை அமெரிக்கக் கடற்படைக்குச் செய்து கொடுத்தனர். அந்த அனுபவத்திலிருந்தே அவர்களுடைய புகழ்பெற்ற நாற்காலிகள் பிறந்தன. 1946இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலை அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, சார்ள்ஸ் ஈம்ஸ் வடிவமைத்த புதிய தளபாடம் என்றே தலைப்பிட்டது. ஓவியம் கற்று வந்த ரேயின் பெயர் அத்தலைப்பில் இல்லை.

இதே தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் வந்து, 1958இல் ஓர் அறிக்கை எழுதினர். இந்தியாவில் தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்த வடிவமாக அவர்கள் அதிற் போற்றியது சாதாரணச் செம்பு. தண்ணீர் மொள்ளவும், இடுப்பில் வைக்கவும், ஊற்றவும் ஏற்றபடி, தலைமுறை தலைமுறையாகப் பலர் கையில் திருந்தி அமைந்த வடிவம் அது என்பது அவர்கள் கருத்து. அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. செம்பின் வடிவத்தைத் திருத்தியவர் யார்? வார்த்த கன்னான் மட்டுமா? வாய் அகலம் போதாது, கை நுழையவில்லை, இடுப்பில் நிற்கவில்லை என்று நாள்தோறும் புழங்கிப் பார்த்துச் சொன்ன பெண்களின் குறையும் நிறையும் அந்த வளைவில் இருக்கத்தான் செய்கின்றன.

நமது ஊர்களின் தொழில்களை நோக்கினால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். குயவன் வீட்டில் திரிகையைச் சுற்றுபவன் ஆண். மண்ணைப் பிசைவதும், காயவைப்பதும், சூளைக்கு அடுக்குவதும் பெரும்பாலும் பெண். நெசவாளன் வீட்டில் தறியில் அமர்பவனுக்கே நெசவாளி என்று பெயர். நூல் சுற்றுபவளுக்கும் பாவு புனைபவளுக்கும் பெயரில்லை. அவள் அரைநாள் படுத்தால் தறி நிற்கும். ஆயினும் அவள் உதவி செய்பவளே. பன்பாய் இழைப்பது முற்றிலும் பெண்ணின் தொழிலாக இருக்கையில், அது தொழில் என்ற மதிப்பையே இழந்து 'பொழுதுபோக்கு' ஆகிவிடுகிறது. எந்தப் பூவை எங்கே போடுவது, எந்த நிறத்தை எதன் அருகே ஓட்டுவது என்று தாளும் கோலும் இல்லாமல் மனத்திலேயே கணக்கிடும் அவளும் ஒரு வடிவமைப்பாளரே என்று எவரும் எழுதவில்லை.

இதன் பொருளாதாரம் எளிதில் விளங்கக்கூடியது. சிறு தொழிலகம் பெரிய நிறுவனத்தோடு போட்டியிட்டு வாழவேண்டும். அதற்குச் சம்பளமில்லாத இரண்டு கைகள் தேவை. அக்கைகள் மனைவியினுடையவை. அவற்றுக்கு 'உதவி' என்று பெயரிட்டுவிட்டால், விலை கணக்கிடும்போது அவற்றைச் சேர்க்கவேண்டியதில்லை. வாடிக்கையாளர் பெறும் மலிவும், மொத்த வியாபாரி பெறும் இலாபமும் அந்தக் கணக்கிடாத உழைப்பிலிருந்தே வருகின்றன. ஆகவே இது கணவன் மனைவிக்கு இடையேயான மனத்தாங்கல் மட்டுமன்று. பெரும்பாலும் கணவனும் சுரண்டப்படுபவனே. அவனைச் சுரண்டும் சந்தை, அவன் வழியாக அவளை இருமடங்கு சுரண்டுகிறது.

"இருவரும் ஒரே குடும்பம், பெயர் எவருடையதாக இருந்தால் என்ன?" என்று கேட்போருக்கு நாம் கீழைக் கரையின் அண்மைக்கால வரலாற்றையே விடையாகச் சொல்வோம். 1983 முதல் 2009 வரை நீண்ட போரும், இடையிலே 2004 டிசெம்பர் 26இன் கடற்பேரலையும் எத்தனையோ பெண்களைத் தனியே நிற்கவைத்தன. இருவர் சேர்ந்து வளர்த்த தொழிலில் ஒருவர் மறையும்போது, எஞ்சியவர் கையில் திறமை முழுவதும் இருக்கிறது, உரிமைத்தாள் இல்லை. கடன் கேட்டுப் போனால் தொழில் அனுபவத்துக்குச் சான்று கேட்கிறார்கள். பல ஆண்டுகள் செய்த வேலைக்கு அவள் எந்தச் சான்றைக் காட்டுவாள்? பற்றுச்சீட்டில் அவள் பெயர் ஒருநாளும் இருந்ததில்லையே! எத்தெல் மெயிரே தம் இரண்டாவது வாழ்வைத் தொடங்கியபோது கல்வியும் நண்பரும் துணைநின்றனர். நமது பெண்கள் எல்லாருக்கும் அவை வாய்க்கவில்லை.

எத்தெலின் துணித்துண்டுகளும் குறிப்புகளும் இன்று இங்கிலாந்தின் பார்ணம் நகரிலுள்ள கைவினை ஆய்வு நிலையத்திற் பேணப்படுகின்றன. அவை இருப்பதனாலேயே அவரைப் பற்றி ஆய்வாளர் பேச முடிகிறது. சான்று எஞ்சினால்தான் நீதி கேட்க முடியும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஆகவே நமது துறைமுக வீதிகளின் சிறு தொழிலகங்களுக்கு நாம் கூறுவன மூன்று. தொழிலின் பெயரைப் பதிவு செய்யும்போது, இருவரும் பங்காளராக இருவர் பெயரையும் பதியுங்கள். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. செய்த மாதிரிகளை அழிக்காமல், செய்தவர் பெயரும் நாளும் குறித்துச் சேர்த்து வையுங்கள். கணினியில் அது பெரிய வேலையன்று. விலை சொல்லும்போது இருவர் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். வாடிக்கையாளராகிய நாமும் "ஒரு படந்தானே" என்று பேரம் பேசுமுன், அந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை இரவுகள் விழித்த நான்கு கண்கள் இருக்கின்றன என்று எண்ணவேண்டும்.

வரலாறு எழுதுவோருக்கும் ஒரு கடமை உண்டு. ஆனந்த குமாரசுவாமியின் தொடக்ககால இலங்கைப் பணியைப் பற்றி இனி எழுதும்போது, எத்தெலின் பெயரையும் உடன் எழுதுவோம். அதனால் ஆனந்தரின் புகழ் ஒரு மாற்றும் குறையாது. அந்த நூல் எவ்வாறு உருவாயிற்று என்ற உண்மையே நிறைவுபெறும். கைவினைஞரின் தொழில் மறைகிறதே என்று வருந்தி எழுதப்பட்ட நூலுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதனை உருவாக்கியோருள் ஒருவரின் பெயரை மீண்டும் மறக்காதிருப்பதே.